நின்றுவிடும் ரயில்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் ஆளில்லா ரயில், டெல்பினின் தெரு வழியாகத்தான் போகும். தண்டவாளத்தில் யார் கால் வைத்தாலும் தானே நின்றுவிடும். டெல்பினின் மகள் ரொவினா அதன் முன்னால்தான் நடை பழகினாள்.

ஒருநாள் டெல்பினின் தங்கையைப் பார்க்க இருவரும் வெளியூர் போனார்கள். அங்கே இன்னும் பழைய ரயில்கள்தான். ரயில் ஊதிக்கொண்டு வரும்போதே ரொவினா அம்மாவின் கையை விட்டுவிட்டுத் தண்டவாளத்தில் நிதானமாக இறங்கினாள். டெல்பின் பாய்ந்து இழுத்ததில் இருவரும் சரளைக்கல்லில் விழுந்தார்கள். பெட்டிகள் தடதடவென்று கடந்தன.

ரொவினா எழுந்து உட்கார்ந்து, போகிற ரயிலையே பார்த்தாள்.

"ஏம்மா, அதுக்கு நம்மளப் புடிக்கலயா?"

"இனிமே ரயிலக் கண்டா பயப்படணும் மக்கா."

"நம்ம ரயிலுக்குமா?"

டெல்பின் கொஞ்சம் யோசித்தாள். "நம்ம ரயிலுக்குந்தான்."

அப்போதுதான் குழந்தை அழுதது.