பத்தாவது குதிரை

மிர்சா யாத்கார் இரவலாகக் கேட்டது ஒரே ஒரு குதிரை. அதுவும் ஒரு காலைப் பொழுதுக்கு.

லாகூர்க் கோட்டை மைதானத்தில் அன்று பாதுஷாவின் குதிரைச் சோதனை. மிர்சாவுக்குப் பத்துக் குதிரை வைத்திருக்க வேண்டிய பதவி. லாயத்தில் நின்றதோ ஒன்பது. ஒன்று குறைந்தாலும் பதவி போகும், அதோடு வந்த கிராமமும் போகும்.

குதிரை வியாபாரி துராப் போன வாரம்தான் காபூலிலிருந்து இறங்கியவர். பெற்ற மகனையே நம்பாத ஆள். இரண்டு கூடை மாம்பழத்தைப் பார்த்ததும் கொஞ்சம் இளகினார்.

"தலைய எண்ணிட்டு விட்டுடுவாங்க, ஹாஜி. அவ்வளவுதான்."

"குதிரைய விட்டு ஒரு அடி நகர மாட்டேன், சொல்லிட்டேன்!"

"அப்ப லாயக்காரன் மாதிரி கந்தலக் கட்டிக்கிட்டு வாங்க. வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

மைதானத்தில் சோதனை அதிகாரி ஒன்பதைத் தாண்டிவிட்டுப் பத்தாவதிடம் நின்றார். பல்லைப் பார்த்தார். குளம்பைப் பார்த்தார்.

"இரவல் குதிரை மாதிரி இருக்கே. யாரோடதுடா, கிழவா?"

மிர்சாவின் முகம் வெளுத்தது. துராப்புக்கோ உள்ளே குறுகுறுவென்று ஒரே குஷி. கிழட்டுக் குதிரையைக் குட்டி என்று விற்ற வாய் சும்மா இருக்குமா?

"எங்க எசமானோடது, ஹுசூர்! குட்டியிலேருந்து இந்தக் கையாலதான் பால் ஊத்தி வளத்தேன். பொய்யின்னா என் தாடி உதிரட்டும்!"

"எழுதிக்கய்யா," என்றார் அதிகாரி.

எழுத்தர் குதிரையின் நிறம், நெற்றிச் சுழி, துராப்பின் பேச்சு எல்லாவற்றையும் ஏட்டில் ஏற்றினார். பழுக்கக் காய்ச்சிய முத்திரை இரும்பு தொடையில் 'சுர்'ரென்று இறங்கியது. குதிரை துள்ளியது. துராப்பும் துள்ளினார். சரி, வெண்ணெய் தடவினால் ஆறிவிடும்.

அதிகாரி அடுத்த வரிசைக்குப் போனதும் துராப்புக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. 'நாலு கூடை கேட்டிருக்கணும்!' தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

பின்னாலிருந்து மிர்சா ஊரே கேட்கக் கத்தினார்.

"டேய் கிழவா! பாதுஷா முத்திரை போட்ட என் குதிரைய எங்கடா ஓட்டிட்டுப் போற?"

காவலர்களின் ஈட்டிகள் துராப்பின் மூக்குக்கு நேரே குறுக்கே விழுந்தன.

குதிரை மிர்சாவுடையதுதான் என்பதற்கு ஏட்டில் ஒரே ஒரு சாட்சியம்தான் இருந்தது. அதுவும் தாடிமேல் சத்தியம் செய்து சொன்னது.