கட்டையும் கயிறும்

"எந்திரம் ஏதாவது இருந்திருக்கும்தானே, தங்கச்சி?"

கூட்டத்தின் பின்னாலிருந்து அந்த ஆள் மறுபடியும் கேட்டார்.

நெஸ்லிஹானுக்கு எரிச்சல் வந்தது. துருக்கியின் கோபெக்லி தெபே அகழாய்வுத் தலத்தில் வழிகாட்டியாகச் சேர்ந்த நாளிலிருந்து அவள் மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியோடுதான்.

மூன்று ஆள் உயரத் தூண்கள். சக்கரம்கூட வந்திராத காலத்தில் நிறுத்தியவை. அதை மனிதர்கள்தான் செய்தார்கள் என்றால், பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மனசு ஒப்பாது. ஒருவர் பறக்கும் தட்டு என்பார். இன்னொருவர், சத்தத்தாலேயே கல்லை மிதக்க விட்டார்கள் என்பார். கடலில் மூழ்கிய தேசம், அதோடு போன விஞ்ஞானம் என்று ஒருத்தி அரைமணி நேரம் பேசியிருக்கிறாள்.

இந்த ஆள் அப்படி வாதாடுகிற ரகமாகத் தெரியவில்லை. பெயர் வெய்சல் என்று பேருந்தில் சொல்லியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தனியாக வந்திருந்தார். மற்றவர்கள் தூணில் செதுக்கிய நரியையும் கழுகையும் படம் பிடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தூண் தரையில் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற்றுக்கிரகத்துக்காரங்க வந்து எந்திரம் வச்சுத் தூக்குனாங்கன்னா சொல்றீங்க?" என்றாள் அவள். "அவ்ளோ தூரம் வந்தவங்க பக்கத்து ஊரு உர்ஃபாவோட ஈரல் கபாப் சாப்பிடாமலா திரும்பிப் போயிருப்பாங்க அண்ணே?"

இஸ்மிரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

வெய்சல் சிரிக்கவில்லை. "வேற்றுக்கிரகம்லாம் இல்ல. நம்மள மாதிரி மனுசங்கதான். ஆனா அவங்ககிட்ட ஏதோ ஒண்ணு இருந்திருக்கணும். நம்மகிட்ட இல்லாதது."

"வாங்க, கண்ணெதிரேயே காட்டுறேன்."

தேநீர்க் கடைக்குப் பின்னால், சாலை போட்டபோது ஒதுக்கித் தள்ளிய வெறும் பாறை ஒன்று கிடந்தது. படுத்திருக்கும் எருமையின் அளவு. இந்த மாதிரி ஆட்களுக்காகவே நெஸ்லிஹான் ஒரு நீளமான கட்டையைச் சுவரில் சாத்தி வைத்திருந்தாள்.

கட்டையின் நுனியைப் பாறைக்கு அடியில் செருகினாள். நடுவே ஒரு சிறிய கல்லை முட்டுக்கொடுத்தாள். ஆசிரியைகளில் ஒல்லியான இருவரைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள்.

"பயப்படாதீங்க டீச்சர். மெதுவா, சேர்ந்தாப்ல அழுத்துங்க."

அவர்கள் அழுத்தினார்கள்.

பாறை ஒரு பக்கம் எழும்பியது.

நெஸ்லிஹான் அடியில் ஒரு கல்லைத் தள்ளிவிட்டாள். கட்டையை எடுத்த பிறகும் பாறை அப்படியே நின்றது. ஆசிரியைகள் தங்கள் கைகளைத் தாங்களே நம்பாமல் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா?" என்றாள் அவள். "எந்திரமும் வேணாம், மந்திரமும் வேணாம். கட்டை, கயிறு, கொஞ்சம் ஆளுங்க, கொஞ்சம் பொறுமை. அவங்ககிட்ட இருந்ததெல்லாம் அவ்வளவுதான்."

வெய்சல் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

பாறைக்கும் தரைக்கும் நடுவே திறந்திருந்த இடைவெளியில் கையை விட்டார். முழங்கை வரை. பிறகு தோள் வரை. கன்னம் பாறையில் ஒட்டியிருந்தது.

"அண்ணே, கைய எடுங்க! கல்லு நழுவிடும்!"

அவர் எடுக்கவில்லை.

"இவ்ளோ எடம் போதும்," என்றார். "சின்ன உடம்புதான்."

அவள் குனிந்தாள். "யாருக்கு?"

"எங்க ஊரு அடியமான்ல, பூகம்பத்தப்ப. எம் பொண்ணு ஜெய்லான், சுவத்துக்கு அடியில." அவர் பாறையைப் பார்த்தே பேசினார். "பேசிக்கிட்டே இருந்தா. கால் குளிருதுப்பா, சாக்ஸ் கொண்டாங்கன்னா. தெருவே நின்னுச்சு தங்கச்சி, அத்தன ஆம்பளைங்க. கிரேன் வந்துடும், அது இல்லாம ஒண்ணும் ஆகாதுன்னு பேசிக்கிட்டோம். கதவு, உத்தரம், எல்லாம் காலுக்கு அடியிலேயே கிடந்துச்சு. கட்டைக்கா பஞ்சம்?"

உள்ளே அவர் கை மண்ணைத் துழாவியது.

"கிரேன் வந்தப்ப அவ பேசுறத நிறுத்தியிருந்தா."

நெஸ்லிஹான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அது வேற அண்ணே. இடிஞ்ச கட்டடம். மேல அத்தன மாடி இருந்திருக்கும். அத இப்படித் தூக்கியிருக்க முடியாது."

சொன்னது உண்மைதான். பலர் சொல்லிக் கேட்டுப் பழகியவர்போல அவர் தலையாட்டினார்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க. ஆனா அந்தத் தூணு எவ்ளோ பெருசு. வெறும் கையால நிறுத்துனாங்கன்னு நீங்கதானே சொல்றீங்க."

அவளிடம் பதில் இருந்தது. படித்த படிப்பு முழுக்க அந்தப் பதில்தான்.

அவர் கையைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்தாள். மண்ணைத் தட்டிவிட்டாள்.

"நான் சொன்னது வர்றவங்ககிட்ட சும்மா சொல்றது அண்ணே," என்றாள். "வெறும் கையால அந்தத் தூணத் தூக்கவே முடியாது. அவங்ககிட்ட எந்திரம் ஒண்ணு இருந்திருக்கு. அது எப்படிப்பட்டதுன்னு யாருக்கும் தெரியல. தொலைஞ்சு போச்சு. இப்ப உலகத்துல யாருகிட்டயும் கிடையாது."

ஆசிரியை ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நெஸ்லிஹான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஆசிரியை வாயை மூடிக்கொண்டாள்.

வெய்சல் அவள் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

அவள் சொன்னாள். கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி, சத்தமாகவே சொன்னாள்.