பக்கத்தில் இருந்தவன்

தரையில் கிடந்தவனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. முப்பது பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான்.

"சாகப் போறான். என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் டிரைவர்.

பாடத்துக்காக உதட்டில் பூசியிருந்தது சிறைத் தையல் கூடத்து நீலச் சாக்கட்டி. கிடந்தவனுக்கு அங்கே பெயர் பொணம். ஐந்து மாதம் முன்பு முதல் வகுப்பில், யாராவது வந்து படுங்கள் என்று டிரைவர் கேட்டபோது எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவன் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். செல்லிலும் நாள் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தான். எங்கே படுத்தால் என்ன?

டிரைவரும் கைதிதான். லாரி ஓட்டியவர், யாரையோ அடித்துக் கையை முறித்துவிட்டு நாலு வருடத் தண்டனையில் வந்திருந்தார். கைதிகளுக்குப் பாடம் நடத்தக் கைதிகளிலிருந்தே ஒரு ஆள் வேண்டும் என்று சிறை நர்ஸ் கேட்டபோது முதலில் கை தூக்கியவர் அவர். பீடியைக்கூடத் தொடாத மனிதர் போதை ஊசியைப் பற்றி என்னத்தைச் சொல்லிக்கொடுக்கப் போகிறார் என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள். அவரோ, நர்ஸ் கொடுத்த புத்தகத்தை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டு வந்து நின்றார்.

ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடாதீர்கள், ரத்தப் பரிசோதனைக்குப் பயப்படாதீர்கள், விடுதலையாகிப் போன அன்றைக்குப் பழைய அளவைப் போட்டால் உடம்பு தாங்காது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். கடைசியில் பொணத்தின் அருகில் வந்து மண்டியிடுவார். தோளை உலுக்கி, தாடையை நிமிர்த்தி, ஒருக்களித்துப் புரட்டிக் காட்டுவார். வார்டரைக் கூப்பிட வேண்டும், மூச்சைத் திருப்பிக் கொண்டுவர மூக்கில் அடிக்கிற மருந்தோடு நர்ஸ் வரும்வரை விட்டுப் போகக் கூடாது என்பார்.

இத்தனை மாதமும் பொணம் அந்தப் பாடத்தைக் கேட்டான் என்று சொல்ல முடியாது. கண்ணை மூடினால் சத்தமெல்லாம் எங்கோ தள்ளிப் போய்விடும். டிரைவரின் கை மட்டும் தெரியும். எதையும் உடைத்துவிடாமல் எடுத்து வைக்கிற மாதிரி புரட்டும் கை.

அன்றைக்குக் கைதிகளில் கொத்தனார் ஒருவர் குறுக்கே கேட்டார். செத்துப்போனவன் பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆகப் போகிறது, போலீஸ் வந்தால் நம்மையல்லவா பிடிப்பான் என்பது அவர் நியாயம்.

டிரைவர் பொணத்தின் தோளிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "டக்குனு சாக மாட்டான். ஒரு மணி நேரம், சில சமயம் ரெண்டு மணி நேரம்கூட ஆகும். குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். தூங்குறான்னு நினைச்சுப் போத்தி விட்டுட்டுப் போயிடுறாங்க. அது தூக்கமில்ல, மூச்சு அடைக்குது."

பொணம் கண்ணைத் திறந்தான். பாடம் நடக்கும்போது அவன் கண் திறந்தது அதுதான் முதல் தடவை.

மணி அடித்தது. எல்லோரும் சாப்பாட்டு வரிசைக்குப் போனார்கள். டிரைவர் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். பொணம் உதட்டைக்கூடத் துடைக்காமல் அங்கேயே நின்றான்.

"அண்ணே, குறட்டை விடுறவன் உயிரோடதான் இருக்கானா?"

"உயிரோடதான் இருப்பான்."

"அப்ப அவனும் இருந்திருப்பான்."

யார் என்று இவனாகவே சொன்னான். திருட்டுக் கேஸில் உள்ளே வருவதற்கு ரொம்ப முன்னால், டயர் கடைக்கு மேலே ஒரு மாடி ரூமில் ஒரு சினேகிதனோடு இருந்தான். ஒருநாள் மத்தியானம் இரண்டு பேரும் ஊசி போட்டுக்கொண்டார்கள். சினேகிதன் சுவரோடு சாய்ந்தான், குறட்டை விட்டான். இவன் போர்வையை இழுத்துப் போத்தினான். உதடு நீலமானதைப் பார்த்ததும் கதை முடிந்தது என்று நினைத்துப் படியிறங்கிவிட்டான். வேறு யாருடைய கேஸ் கட்டையோ படிப்பது போல, குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னான்.

டயர் கடை என்றதும் டிரைவரின் கை நின்றது. பிறகு, சுருட்டிய பாயை விரித்து மறுபடி முதலிலிருந்து சுருட்டினார்.

"அவன் போன்ல என் நம்பர் இருந்துச்சு. மாட்டிக்குவோமேன்னு அதையும் எடுத்துட்டுப் போனேன். வழியெல்லாம் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அண்ணன்னு பேர் வந்துச்சு. எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவரு யாரையாவது அனுப்பியிருப்பாரு. பதினோரு தடவை அடிச்சுச்சு அண்ணே. அதுக்கு மேல தாங்காம ஆஃப் பண்ணிட்டேன்."

சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. வயிற்றில் பசிகூட இல்லை. அடிப்பாரா, திட்டுவாரா, போகட்டும் விடு என்பாரா என்று டிரைவரைப் பார்த்தபடி நின்றான்.

டிரைவர் பாயை மூலையில் சாத்தினார். அது சரிந்தது, எடுத்து மறுபடி சாத்தினார். அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். வெளியே தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டு அடங்கியது. இவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"பதினொண்ணு இல்ல தம்பி. பன்னெண்டு தடவை அடிச்சேன்."