கம்பத்தில் ஒரு கால்சட்டை

காற்றின் திசை காட்டும் துணிப்பை கிழிந்துவிட்டதால், இன்று சிறு விமானத் திடலின் கம்பத்து உச்சியில் மெக்கானிக்கின் பழைய ஆரஞ்சு நிறக் கால்சட்டை பறக்கிறது. இடுப்பில் கம்பி வளையம் வைத்துத் தைத்திருக்கிறார். மேற்குக் காற்று புகுந்து, இரண்டு கால்களும் உப்பிப்போய்க் கிழக்கே உதைக்கின்றன. மேலே, முதன்முறையாகத் தனியாக விமானம் ஓட்டும் அவர் மனைவி வட்டமிடுகிறாள். கீழிருந்து அவர் வயர்லெஸ்ஸில் கேட்கிறார். "கால் எந்தப் பக்கம் நீட்டுதுன்னு தெரியுதாம்மா?" "தெரியுது. பின்னாடி கிழிசலும் தெரியுது." ஓடுதளத்தோரம் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை. விமானம் கிழக்கே போய்த் திரும்பி, காற்றை எதிர்த்து இறங்குகிறது. சக்கரங்கள் ஒருமுறை துள்ளிவிட்டுச் சமர்த்தாக ஓடுகின்றன. அவருக்கு இப்போதுதான் மூச்சு வருகிறது. இறங்கி வந்தவள் கம்பத்தை அண்ணாந்து பார்க்கிறாள். "அதைக் கழிச்சுக் கட்டுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். இனிமே இறக்கிடாதீங்க. அங்கதான் அது அழகா இருக்கு."