ஐந்தாவது ஈட்டி

கயிறு அவன் கையில் இருந்தது.

புல்தரையில் குறுக்காகக் கிடத்திய ஒன்பது ஈட்டிகள். ஒன்றுக்கொன்று ஒரு முழ இடைவெளி.

இந்தக் கோடியில் கறுப்புக் குதிரையோடு அவன். அந்தக் கோடியில், கணுக்கால்வரை சேற்றில் புதைந்தபடி, ஜெர்மன் தேசத்திலிருந்து வந்த பேராயர். எழுபது வயது இருக்கும். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

ஸ்லாவியர்களின் அந்தத் துறைமுக ஊர் மொத்தமும் சுற்றி நின்றது.

குதிரை மூன்று முறை ஈட்டிகளைத் தாண்ட வேண்டும். குளம்பு ஒன்றிலும் படாவிட்டால், கிழவர் கொண்டுவந்த தெய்வத்தை ஊர் ஏற்றுக்கொள்ளும். பட்டுவிட்டால், பொழுது சாய்வதற்குள் கிழவரின் தலை உருளும். ஊரின் மூன்று தலைச் சாமி குதிரை வழியாகத்தான் பேசும். போருக்குப் போகலாமா, கப்பல் விடலாமா, எல்லாவற்றுக்கும் இந்தக் குறிதான்.

பேராயருடன் வந்த பாதிரிகள் பதறினார்கள். பேயிடம் குறி கேட்பதா என்று அங்கியைப் பிடித்து இழுத்தார்கள்.

“குதிரையைப் படைச்சவரும் நம்ம ஆண்டவர்தானே. நடக்கட்டும்” என்றார் பேராயர்.

துபாஷி அதை ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். கயிறு பிடித்தவனுக்கும் கிழவரைப் பிடித்துப்போயிற்று.

பாவம், அவருக்கு விஷயம் தெரியாது.

சாமி பேசியதே இல்லை.

இருபது வருஷமாகப் பேசியது அவனுடைய கட்டைவிரல். கயிற்றை லேசாக அழுத்தினால் குதிரை காலை உயர்த்தும். தளர்த்தினால் தாழ்த்தும். தலைமைப் பூசாரி வோயிமிர் காலையில் அவன் காதில் சொல்வதை மாலைக்குள் சாமி சொல்லிவிடும்.

இன்று காலையும் வோயிமிர் லாயத்துக்கு வந்திருந்தார்.

“அஞ்சாவது ஈட்டியில குளம்பு படணும். மறந்துடாதே. கோயில் போச்சுன்னா உனக்கும் சோறு இல்ல.”

அதோடு விடவில்லை மனுஷன். ஐந்தாவது ஈட்டிக்கு அடியில் ஒரு கல்லைச் செருகி வைத்தார். ஈட்டி இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. புல் மறைத்தது.

கூட்டத்தின் முன்வரிசையில் அண்ணி நின்றாள்.

போன வருஷம் அண்ணன் போருக்குப் போனது குதிரை சொல்லித்தான். அன்றைக்கு ஓர் ஈட்டியிலும் குளம்பு படவில்லை. அவ்வளவு சுத்தமாக நடத்திக் காட்டினான் அவன். நாற்பது பேர் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

“குதிரை தொடவே இல்லையே தம்பி. அப்புறம் ஏன் உங்க அண்ணன் வரல?”

அண்ணி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

முரசு அடித்தார்கள்.

இன்னோர் உயிர். மறுபடியும் இந்தக் கட்டைவிரலா?

முடியாது. கொல்லவும் வேண்டாம், காப்பாற்றவும் வேண்டாம். என்ன ஆனாலும் சரி, இந்தக் கை இனிப் பொய் சொல்லாது.

கயிற்றைத் தூக்கிக் குதிரையின் கழுத்தில் போட்டான்.

மூன்றடி பின்னால் நகர்ந்தான்.

வோயிமிரின் முகம் செத்துப்போனது. சாமி தானாகவே நடக்கட்டும் என்று ஒருவன் விட்டுவிட்டால், அதைக் கூடாது என்று பூசாரி எப்படிச் சொல்வார்?

கயிறு இல்லாமல் குதிரை என்ன செய்யும்? அவனுக்கே தெரியாது. ஒருநாளும் விட்டுப் பார்த்ததில்லை.

குதிரை திரும்பி அவனைப் பார்த்தது. குனிந்து இரண்டு வாய் புல் தின்றது. யாரோ இருமினார்கள்.

பிறகு நடந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்தாவதில் நின்றது.

மோந்து பார்த்தது. முன்னங்காலை நெஞ்சுவரை தூக்கி, அந்தப் பக்கம் வைத்தது. அடுத்த காலையும் அப்படியே. பின்னங்கால்களையும் அப்படியே.

கோடியில் தானே திரும்பியது. திரும்ப வந்தது. மறுபடி போனது. யாரும் கூப்பிடவில்லை. யாரும் தொடவில்லை. ஓர் ஈட்டிகூட அசையவில்லை.

மூன்றாம் முறை முடிந்ததும் பேராயருக்கு முன்னால் போய் நின்று தலையை உதறியது.

ஊரே வெடித்தது. ஆண்கள் கேடயங்களைத் தட்டினார்கள். பெண்கள் குழந்தைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். பேய்க்குறி என்று பதறிய பாதிரிகள் சேற்றிலேயே மண்டியிட்டு, தொண்டை கிழியப் பாடினார்கள். பேராயர் குதிரையின் நெற்றியில் முத்தமிட்டார்.

அண்ணி மட்டும் கூவவில்லை. அவனுடைய வெறும் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் அந்தக் கையைப் பார்த்தான்.

அப்படியானால் இருக்கிறது.

மூன்று தலைச் சாமி நிஜமாகவே இருக்கிறது. இத்தனை வருஷம் அதன் வாயை அடைத்து வைத்திருந்தது அவன்தான். கையை எடுத்ததும் பேசிவிட்டது.

பேசியது இதுதான்: கிழவரின் தெய்வத்தை ஏற்றுக்கொள்.

மறுநாள் காலை ஆற்றில், இடுப்பளவு நீரில், பேராயர் காத்திருந்தார். யார் முதலில் இறங்குவது என்று ஊர் தயங்கியது.

அவன் இறங்கினான்.

கோயில் குதிரைக்காரனே முதல் ஆளா! பேராயருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஞானஸ்நானம் கொடுக்க அவன் தலையில் கைவைத்தார்.

“பழைய தெய்வத்தைக் கைவிடுகிறாயா?” என்று துபாஷி கேட்டான். முறைப்படி மூன்று தடவை.

மூன்று தடவையும் அவன் ஆமாம் என்றான். கரையின் கடைசி வரிசைவரை கேட்டது.

கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்தார் பேராயர்.

சந்தோஷம்தான். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவன் தன் சாமியின் பேச்சைக் கேட்டு நடந்துகொண்டிருந்தான்.