பெட்டிக்கு ஒரு பெயர்

அந்த அருங்காட்சியகத்தில் இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க ஊர் ஒன்றை அப்படியே கட்டி, அந்தக் காலத்து மனிதர்களாக ஆட்களை நடிக்கவும் வைத்திருந்தார்கள். அங்கே அமிர்தவல்லிக்குக் கிடைத்த வேடத்தின் பெயர் பெட்டி, ‘Betty’ என்ற ஆங்கிலப் பெயர். நாகப்பட்டினத்தில் கப்பலேற்றப்பட்டு, புகையிலைப் பண்ணை ஒன்றுக்கு விற்கப்பட்ட வேலைக்காரி. வேடத்தைக் கலைக்கும்வரை பெட்டியாகத்தான் பேச வேண்டும் என்பது விதி. இந்தக் கோடையிலும் கம்பளிப் பாவாடைக்குள் வேர்த்து வழிய அவள் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். தோள்பட்டை விட்டுப்போயிருந்தது.

சேலைக்குக் கீழே ஷூ போட்ட ஒரு பெண் வேலியருகே வந்து நின்றாள். “தமிழாம்மா?”

“ஆமாங்க. நாகப்பட்டினம். சின்ன வயசுல கப்பல்ல ஏத்திட்டாங்க.”

அந்தப் பெண்ணுக்கு விளையாட்டு புரிந்துவிட்டது. “உன் பேரு?”

“பெட்டி.”

“பெட்டியா! அது இவங்க வச்சது. உங்கம்மா வச்ச பேரு என்ன?”

அருங்காட்சியகம் கொடுத்த விவரங்களில் அது இல்லை. தன் பெயரையே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள், அதற்குக்கூடத் தெம்பில்லை.

“மறந்துபோச்சுங்க” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்குத் தோன்றியது: பெட்டியும் ஒருநாள் இப்படித்தான் சொல்லியிருப்பாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. வேலிக்கு மேலாகக் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டாள். “நாகப்பட்டினம்னா நீலாயதாட்சி அம்மன்தானே. உன்னை நீலான்னுதான் கூப்பிட்டிருப்பாங்க. வரேன் நீலா.”

கொஞ்ச நேரத்தில், எசமான் வேடம் போட்டவர் மாடியிலிருந்து “பெட்டி!” என்று குரல் கொடுத்தார். அமிர்தவல்லி மத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.