கூட்டில் பத்திரமாக இருக்கும் பாடம்

வறண்ட ஆற்றில் ஊற்று தோண்டித் தர வெளிநாட்டிலிருந்து ஒரு நாரை வந்து இறங்கியது. அது அலகை வைத்த இடத்தைப் பார்த்ததும் தாய்க் கீரி அலறிக்கொண்டு ஓடி வந்தது.

"அங்கே வேண்டாம்! போன கோடையில் உங்கள் ஆள் தோண்டிய குழி சரிந்துதான் என் குட்டிகள் செத்தன. அவரிடம் அழுது சொன்னேனே!"

"அவர் இப்போது வேறு நாட்டில் இருக்கிறார். ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் பாடமாக எழுதப்பட்டு எங்கள் கூட்டில் பத்திரமாக இருக்கிறது."

"நீங்கள் அதைப் படித்தீர்களா?"

"உங்களுக்கு உதவ வேண்டிய அவசரத்தில் நேரம் கிடைக்கவில்லை."

கீரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிள்ளைகளின் சாவை வருகிறவர்களிடமெல்லாம் முதலிலிருந்து சொல்லி அழ வேண்டுமா? அந்த மணல்மேலேயே படுத்துக்கொண்டது.

"போய்ப் படித்துவிட்டு வா. அதுவரை எழுந்திருக்க மாட்டேன்."

நாரை பணிவாகத் தலையாட்டியது. பிறகு சற்றுத் தள்ளிப் போய் அலகை வைத்தது.

கீரி பாய்ந்து அதன் காலைக் கவ்வியது.